குற்றப்பத்திரிகை இல்லாத தண்டனை

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் ஒரு தொழிலாளியைச் சஸ்பெண்டு செய்தால் என்னென்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதலில் குற்றப்பத்திரிகை வரும். இன்ன தேதி, இன்ன ஷிப்டு, இன்ன மேஸ்திரியிடம் இன்ன வார்த்தை பேசினாய் என்று அதில் எழுதியிருக்கும். அதற்கு நாம் பதில் எழுதித் தருவோம். பிறகு விசாரணை. கூட ஒரு தோழரை அழைத்துக்கொண்டு போவோம். பொய்ச் சாட்சி சொல்ல வந்தவனைக் குறுக்கே கேள்வி கேட்போம். சஸ்பெண்டுக் காலத்துக்குப் பிழைப்பூதியம் கேட்டு வாங்குவோம். இதில் ஒன்றையும் எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. நமக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வேலையை இழந்தும், ஜெயிலுக்குப் போயும் வாங்கி வைத்துவிட்டுப் போனவை.

இன்று நாம் பேசப்போவது சம்பளமே வாங்காத சஸ்பெண்டுக்காரர்களைப் பற்றி. அவர்களில் சிலருக்கு வயது நாலு.

அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லுகிறோம். அங்கே ஒரு பையனோ பெண்ணோ தப்புச் செய்ததாகப் பட்டால், பள்ளிக்கு வராதே, இத்தனை நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். அது சஸ்பெண்டு. இனிமேல் வரவே வேண்டாம் என்றால் அது நீக்கம். நம் ஊரில் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவது போல. 2017-18 பள்ளி ஆண்டில் மட்டும் சுமார் 25 லட்சம் பிள்ளைகள் இப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இழந்த பள்ளி நாட்களைக் கூட்டினால் ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. இது யாரோ எதிரிகள் சொன்ன கணக்கல்ல. அமெரிக்க சர்க்காரின் கல்வி இலாகாவே எடுத்த கணக்கு.

சரி, எந்தப் பிள்ளைகள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2013-14 ஆண்டுக் கணக்கைச் சர்க்காரின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினைந்தரை பேர். சஸ்பெண்டு செய்யப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 39 பேர். ஒன்றாம் வகுப்புக்கும் முந்திய பாலர் பள்ளிகளில் இன்னும் மோசம். அங்கே கறுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு 19. சஸ்பெண்டு ஆனவர்களில் 47. நாலு வயசுப் பிள்ளை என்ன ராஜத்துரோகம் செய்திருக்கும்? பொம்மையைப் பிடுங்கியிருக்கும், கடித்திருக்கும், தூங்கச் சொன்னால் தூங்காமல் அழுதிருக்கும்.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். கறுப்பர்கள் ஏழைகள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும் என்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இந்தச் சமாதானம் புதிதல்ல. ஆனால் அந்தத் தணிக்கை அறிக்கை அதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஏழைகள் நிறைந்த பள்ளி, பணக்காரப் பகுதிப் பள்ளி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தது.

எதற்காகத் தண்டிக்கிறார்கள்?

ரஸ்ஸல் ஸ்கீபா என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பெரிய நகரத்தின் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டி, 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தக் குற்றத்துக்காகப் பிள்ளைகளை ஹெட்மாஸ்டர் அறைக்கு அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டவை புகை பிடித்தது, பொருளை உடைத்தது, சொல்லாமல் வெளியே போனது, கெட்ட வார்த்தை பேசியது. கறுப்புப் பிள்ளைகள் மேல் அதிகம் எழுதப்பட்டவை மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், வெறுமனே சுற்றி நின்றது.

தோழர்களே, இந்த இரண்டு பட்டியலையும் நின்று பாருங்கள். சிகரெட்டுக்குத் துண்டு இருக்கும். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கும். மரியாதைக் குறைவுக்கு எது சாட்சி? எவ்வளவு சத்தம் அதிகச் சத்தம்? எப்படி நின்றால் அது மிரட்டல்? பார்க்கிறவன் மனத்தில்தான் அது இருக்கிறது. பண்ணையார் வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றதற்காக, "இவனுக்குத் திமிர் ஏறிவிட்டது" என்று சொல்லக் கேட்ட நம் விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆலைத் தோழர்களும் 1946-ஆம் வருஷச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளை நினைத்துப் பார்க்கலாம். ஒழுங்கீனங்களின் வரிசையில் முதலில் நின்றதே "வேண்டுமென்றே கீழ்ப்படியாமை"தான். கலிபோர்னியாவின் கல்விச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வார்த்தைதான் இருந்தது. ஐந்து வயசுப் பிள்ளையையும் அதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

2015-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பையன் செய்த இரண்டு சின்னத் தப்புகளை எழுதி, ஆசிரியர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். தாள் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. சிலருக்கு வெள்ளைப் பையன் என்று தோன்றும்படி கிரெக், ஜேக் என்ற பெயர்கள். சிலருக்குக் கறுப்புப் பையன் என்று தோன்றும்படி டார்னெல், டிஷான். முதல் தப்பைப் படித்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது தப்பைப் படித்ததும் கறுப்புப் பெயருக்கு ஆசிரியர்களின் கோபம் கூடியது, தண்டனையும் கடுமையாக வேண்டும் என்றார்கள். அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நெரிசலான வகுப்பில், குறைந்த சம்பளத்தில் மாரடிக்கிற ஆசிரியரும் உழைப்பாளிதான். ஆனால் நூற்றாண்டுகளாக ஊறிய விஷம் சட்டைப்பையில் இருப்பது அவருக்கே தெரிவதில்லை.

வீட்டில் உட்காருகிற பிள்ளை

"பத்து நாள் வீட்டில் இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். டெக்ஸஸ் மாநிலத்தில் ஏழாம் வகுப்பில் இருந்த ஏறக்குறைய பத்து லட்சம் பிள்ளைகளை, ஆறு வருஷத்துக்கும் மேலாகப் பதிவேடுகளின் மூலம் தொடர்ந்து பார்த்தார்கள். 2011-இல் அறிக்கை வந்தது. நூற்றுக்கு 60 பேர் வரை, ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் ஒரு தடவையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தண்டனைகளில் சட்டப்படி கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டியவை நூற்றுக்கு 3. மீதி 97-ம் பள்ளி அதிகாரிகளின் இஷ்டம். மற்ற நிலைமைகள் எல்லாம் ஒத்திருந்தாலும், கறுப்புப் பிள்ளைக்கு இந்த "இஷ்ட" தண்டனை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளைப் பிள்ளையைவிட 31 சதவிகிதம் அதிகம்.

பிறகு என்ன ஆயிற்று? தண்டிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஒரு வகுப்பையாவது திரும்பப் படித்தார்கள். தண்டனையே பெறாதவர்களில் அப்படிப் படித்தவர்கள் 5 பேர்தான். இஷ்ட தண்டனை பெற்ற பிள்ளை அடுத்த ஒரு வருஷத்துக்குள் போலீசு, சிறுவர் கோர்ட்டு என்று போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கானது. வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் பள்ளி எல்லைகளை மாற்றியபோது, ஒரே பேட்டைப் பிள்ளைகள் சிலர் கண்டிப்பான பள்ளிக்கும் சிலர் மிதமான பள்ளிக்கும் போக நேர்ந்தது. அதிகம் சஸ்பெண்டு செய்யும் பள்ளிக்குப் போனவர்கள் பெரியவர்களானபின் கைதாவதும் சிறைக்குப் போவதும் அதிகமாக இருந்தது. பிள்ளைகள் ஒன்றுதான், பள்ளிதான் வேறு.

இதில் கணக்கு எடுக்காத ஒன்று உண்டு. அம்மா வேலைக்குப் போகிறவள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள், ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கிறாள். பள்ளியிலிருந்து டெலிபோன் வருகிறது: "வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போ." அன்றையக் கூலி போயிற்று. மறுநாள் அவனை யாரிடம் விடுவது? தனியே விட்டால் தெரு. கூட இருந்தால் வேலை போகும். தண்டனை பையனுக்கு, அபராதம் அம்மாவுக்கு. வக்கீல் வைத்துக்கொள்ளும் வீட்டில் இப்படி நடப்பதில்லை. அங்கே ஹெட்மாஸ்டரே தேநீர் கொடுத்துப் பேசுவார்.

தெற்கு கரோலினாவில் 2015-இல் ஒரு கறுப்புப் பெண்பிள்ளை வகுப்பில் கைபேசி விவகாரத்தில் எழுந்து வெளியே போக மறுத்தாள். போலீஸ்காரன் வந்து அவளை நாற்காலி மேசையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்தான். "இது என்ன அநியாயம்" என்று கேட்ட இன்னொரு கறுப்புப் பெண்ணையும் கைது செய்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? "பள்ளிக்கு இடையூறு செய்தல்." 1919-ஆம் வருஷத்துச் சட்டம் அது. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, 2018-இல்தான் மாணவர்கள் மேல் அதைப் பிரயோகிப்பதை அந்த மாநிலம் நிறுத்தியது.

எங்கிருந்து வந்தது இந்தப் பிரம்பு?

அடிமைக் காலத்தில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கறுப்பனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே சட்ட விரோதம். விடுதலைக்குப் பிறகு தனிப் பள்ளி, அதுவும் ஓட்டைப் பள்ளி. 1954-இல் உச்ச நீதிமன்றம், தனிப் பள்ளி சட்டத்துக்கு விரோதம் என்றது. கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டால், உள்ளே வந்தவனை வெளியே தள்ள வேறு வழி தேடுவார்கள் அல்லவா?

1957-இல் ஆர்க்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு பள்ளிக்குள் போனார்கள். அவர்களில் ஒருத்தி மின்னிஜீன் பிரௌன். மாதக்கணக்கில் இடித்தார்கள், உதைத்தார்கள், வசை பாடினார்கள். டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் பையன்கள் வழியை மறிக்க, அவள் தட்டிலிருந்த குழம்பு அவர்கள் தலையில் கொட்டியது. அந்தக் கூடத்தில் வேலை பார்த்த கறுப்புத் தொழிலாளர்கள் கை தட்டினார்களாம். அவளுக்கு சஸ்பெண்டு. பிப்ரவரியில், தன்னை அடித்த பெண்ணை ஒரு வார்த்தை திட்டியதற்காக நீக்கம். "ஒன்று ஒழிந்தது, பாக்கி எட்டு" என்று அட்டை அச்சடித்துப் பள்ளியில் சுற்றுக்கு விட்டார்கள்.

மிசிசிப்பியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். பருத்தி விளையும் பூமி. அந்தப் பருத்தி எடுப்புக்காகக் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியைப் பருவத்தில் மூடிவிடுவார்கள். நூல் நூற்கிற நமக்கும் பருத்தி எடுக்கிற அவர்களுக்கும் உறவு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அங்கே மெக்கோம் என்ற ஊர். 1961 ஆகஸ்டில் பிரெண்டா டிராவிஸ் என்ற பதினாறு வயதுப் பெண், வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய பஸ் நிலையக் கூடத்தில் போய் நின்றாள். ஏறக்குறைய ஒரு மாதம் ஜெயில். செப்டம்பரில், ஓட்டுரிமைக்காகப் பாடுபட்ட ஹெர்பர்ட் லீ என்ற கறுப்பு விவசாயியை, பருத்தி ஜின்னிங் மில் அருகே சட்டசபை உறுப்பினர் ஒருவரே சுட்டுக் கொன்றார். அவர் மேல் கொலை வழக்கு நடக்கவேயில்லை. பிரெண்டா ஜெயிலிலிருந்து பள்ளிக்குத் திரும்பினாள். சேர்க்கமாட்டோம் என்றார்கள். அக்டோபர் 4-ந் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுந்து வெளியே நடந்தார்கள். ஊர்வலமாக நகரசபைக்குப் போனார்கள். கைது செய்தார்கள்.

திரும்பிப் பள்ளிக்கு வந்தபோது ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இனிமேல் ஊர்வலம் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நீக்கம். வேலைநிறுத்தம் முடிந்து ஆலைவாசலில் நிற்கும்போது நம் முன்னால் நீட்டுகிற நன்னடத்தைப் பத்திரம் போலத்தான். பெரும்பாலான பிள்ளைகள் கையெழுத்துப் போடவில்லை. புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்காக அங்கே வந்திருந்த இளைஞர் இயக்கத்தார் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பாப் மோசஸ் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், சார்ல்ஸ் மெக்டியூ சரித்திரம். சில வாரங்களில் ஆசிரியர்களையே ஜெயிலில் போட்டார்கள். பிள்ளைகளை ஜாக்சன் நகரத்தில் ஒரு கறுப்பர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. பிரெண்டாவைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

நாலு வருஷம் கழித்து, அதே மிசிசிப்பியில் இஸக்வீனா என்ற கவுண்டி. கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோத்திருக்கும் ஒரு சின்ன பட்டன். 1965 ஜனவரியில் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். கழற்று என்றார்கள். கழற்றவில்லை. சுமார் 300 பிள்ளைகள் வருஷம் முழுவதற்கும் சஸ்பெண்டு! அவர்களில் ஒருவனின் தாய் யுனிட்டா பிளாக்வெல். பருத்தி வயலில் கூலி வேலை செய்தவர், எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார். பட்டன் விஷயத்தில் 1966-இல் தோல்விதான். பள்ளியின் ஒழுங்கு கெட்டது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதே வழக்கில், கறுப்பு வெள்ளை என்று பிரித்து வைத்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அது கிடைத்தது. 1976-இல் யுனிட்டா பிளாக்வெல் அந்தக் கவுண்டியின் மேயர்ஸ்வில் ஊருக்கு மேயரானார்.

பள்ளிகள் ஒன்றானபோது தெற்கில் ஆயிரக்கணக்கான கறுப்பு ஆசிரியர்களும் ஹெட்மாஸ்டர்களும் வேலை இழந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பிள்ளை உள்ளே வந்தது, அதன் மனிதர்கள் வெளியே போனார்கள். பிரம்பு வேறு கைக்குப் போயிற்று. 1973-இல் கறுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 6 பேர் சஸ்பெண்டு ஆனார்கள், வெள்ளைப் பிள்ளைகளில் 3 பேர். 2006-இல் கறுப்பு 15, வெள்ளை 5.

விசாரணை கிடைத்தது, பிறகும்...

ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரத்தில் 1971-இல் ஒரு பள்ளியில் கலவரம். டுவைட் லோபஸ் என்ற மாணவன், நான் வேடிக்கை பார்த்தவன்தான் என்றான். அன்றைக்கு அவனோடு 75 பேருக்குக் குறையாமல் சஸ்பெண்டு. என்ன குற்றம் என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை, அவன் பக்கத்தைக் கேட்கவும் இல்லை. ஒன்பது மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1975 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. குற்றம் இன்னதென்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும், மறுத்தால் சாட்சியம் என்ன என்று விளக்கவேண்டும், அவன் பக்கத்தைக் கேட்கவேண்டும். நம் ஆலைவாசல் நியாயம்தான், பத்து வயசுப் பிள்ளைக்கு. ஆனால் பத்து நாளுக்கு உட்பட்ட தண்டனைக்கு வக்கீல் கிடையாது, சாட்சியைக் குறுக்கே கேட்க முடியாது. நடைபாதையில் நிறுத்தி இரண்டு நிமிஷம் பேசினால் அதுவும் விசாரணையாகிவிடும்.

அந்த இரண்டு நிமிஷத்துக்கும் 1990-களில் பங்கம் வந்தது. துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஒரு வருஷம் நீக்கவேண்டும் என்று 1994-இல் மத்திய சட்டம் வந்தது. துப்பாக்கிக்குப் போட்ட சட்டத்தைப் பென்சில் கத்திக்கும், பிறகு பேச்சுக்கும் நீட்டினார்கள். "கொஞ்சமும் பொறுக்கமாட்டோம்" என்பது கொள்கையாயிற்று. ஆசிரியர் சங்கத்திலும் அதற்கு ஆதரவு இருந்தது. தாங்கள் அதை ஆதரித்தது தவறு என்று அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர் ராண்டி வைன்கார்டன் பின்னாளில் எழுதினார். ஒரு சங்கம் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்வது சின்ன விஷயமல்ல. நாமும் சில இடங்களில் செய்ய வேண்டியது அது.

2013 மே மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகளில் "வேண்டுமென்றே எதிர்த்தான்" என்ற குற்றத்துக்குச் சஸ்பெண்டு இல்லை என்று முடிவு செய்தார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடியதால் கிடைத்தது. பிறகு கலிபோர்னியா மாநிலம் முதலில் சின்ன வகுப்புகளுக்கும், படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் அதைச் சட்டமாக்கியது. 2024 ஜூலையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அது அமலுக்கு வந்தது.

மத்திய சர்க்காரில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இனத்துக்கு இனம் தண்டனை வேறுபட்டால் பள்ளி பதில் சொல்லவேண்டும் என்று 2014-இல் கொடுத்த வழிகாட்டுதலை 2018 டிசம்பரில் ரத்து செய்தார்கள். 2025 ஏப்ரலில் டிரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். தண்டனைக் கணக்கில் இனத்தைப் பார்ப்பதே பாரபட்சம் என்பது அதன் சாரம். அதாவது, கறுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேரை வெளியே அனுப்பினாய் என்று எண்ணிக் கேட்கிறவன்தான் குற்றவாளி! எண்ணாமல் விட்டால் நாலு வயசுப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்கள் எழுந்துகொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் இருங்கள். பின்வரிசையில் ஒரு தாய், "நம்ம பிள்ளைக்கு டி.சி. கொடுத்தா யாரைப் போய்க் கேட்கிறது?" என்று துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முதலில் அதைப் பேசுவோம்.